வழிநடையும் பாதரட்சையும்

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை நெருங்குங்காலத்தில், விருதுநகரினின்று சாத்தூருக்குச் செல்லும் பெருவழியில் ஆண்களும் பெண்களும் சாரைசாரையாக நடந்து செல்வதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்துள்ள இருக்கன்குடி மாரியம்மன் கோயிலே அவர்கள் சென்று சேருமிடம். இவ்வாறே தைப்பூசத்தையொட்டிப் பழனிக்கும், ஆவணியில் வேளாங்கண்ணிக்கும், அமாவாசை பௌர்ணமிகளில் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி மலைக்கும் நடப்போர் இப்பக்கத்தில் மிகப் பலர். இவர்களுள் ஒரு சாரார் வெறுங்காலோடு நடப்பவர். ஒரு சாரார் ஹவாய் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பவர். மற்றொரு சாரார், பெரும்பாலும் கல்லூரி இளைஞர், பிரயாணத்துக்கென்றே முந்தின நாள் வாங்கிய புத்தம்புதிய பூட்ஸை அணிந்து நடப்பவர். இம்மூன்றாஞ் சாராரே முதலிற் கொப்புளங் கண்டு வழியோரத்தில் அமர்வர் என்பது யாம் நேரிற் கண்டது.

பிரயாணத்துக்கு வேண்டிய துணிமணிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் முழுதும் செலவிடுகின்றோம். சரீரத்தின் பாரம் முழுவதையும் தாங்கும் காலுக்கு வேண்டியதையோ, நிறத்தையும் விலையையும் மாத்திரம் பார்த்து, ஐந்து நிமிஷத்தில் வாங்கி முடித்துவிடுகின்றோம். இது பிழை என்பதை யாமும் ஒரு துன்பத்தின் வாயிலாகவே அறிந்தோம். அதனை முதற்கண் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எம் தாய்மாமனோடு இருக்கன்குடிக்கு நடந்து சென்றோம். அவர் அறுபது வயதைக் கடந்தவர். நெடுநாளாகச் சர்க்கரை வியாதியுடையவர். ஆயினும் நடையில் எம்மை முந்துபவர். அவர் காலிற் கிடந்தது பழகித் தேய்ந்த ஹவாய் செருப்பு. சாத்தூருக்கு அப்பால் இரவு தங்கிய இடத்தில், அவர் கழற்றிப்போட்ட செருப்பில் ஈரம் பளபளத்தது.

"மாமா, செருப்பெல்லாம் ரத்தமாக இருக்கிறதே!" என்றோம்.

"ரத்தமா? ஒன்றும் குத்தினதாகத் தெரியவில்லையே, மருமகனே," என்று அவர் தம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.

சீமைக்கருவேல முள் ஒன்று தேய்ந்த செருப்பை ஊடுருவிச் சென்று, பெருவிரலின் அடியில் ஒடிந்து நின்றது. எத்தனை நாழிகை அதனை மிதித்துக்கொண்டு நடந்தார் என்பது அவருக்குந் தெரியாது, எமக்குந் தெரியாது. முள்ளைப் பிடுங்கி எறிந்து, மஞ்சளை அரைத்துப் பூசி, மறுநாள் விடியலில் மீண்டும் நடக்கத் தொடங்கினோம். அதுவே யாம் செய்த பெருந்தவறு. மூன்று வாரங் கழித்து ஆஸ்பத்திரியில் அப்பெருவிரலை எடுத்துவிட நேர்ந்தது.

முள் குத்தினால் வலிக்கும், வலித்தால் நிற்போம், நின்றால் பிழைப்போம். அவருக்கு வலிக்கவில்லை. சர்க்கரை வியாதி நாட்பட நாட்பட, காலின் நுனியிலுள்ள நரம்புகள் உணர்ச்சி குன்றிப்போகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் இவ்வியாதியுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். அவர்கள் எல்லாருடைய காலும் மரத்துப்போனதன்று. ஆயினும் மரத்துப்போயிருப்பதை அறியாமலே நெடுவழி நடப்போர் சிலரல்லர்.

வலியுணராத காலை எவ்வாறு காப்பது என்பதை உலகத்துக்கு முதன்முதற் கற்பித்த இடங்களுள் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. கொல்லிமலையில் ஊழியஞ் செய்த ஆங்கிலத் தம்பதிகளின் மகனாக 1914-இல் அம்மலையிலேயே பிறந்த பால் பிராண்ட் என்பார், இங்கிலாந்தில் ரணசிகிச்சை கற்று, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று வைத்தியருட் பலரும் அந்நாளில் எண்ணியிருந்தனர். பிராண்ட் நோயாளரைக் கூர்ந்து கவனித்தார். அவர்கள் சதை ஏனையோர் சதைபோலவே ஆறுகின்றது என்றும், உணர்ச்சியில்லாமையால் அவர்கள் தம்மையறியாமற் செய்துகொள்ளும் காயங்களே விரல்களைக் கொண்டுபோகின்றன என்றும் கண்டார். நோயாளர் பழியுடையவரல்லர், காலில் ஏறிய ஆணியும் கல்லும் அழுத்தமுமே பழியுடையன. 1955-இல் வேலூருக்கருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபின், இவ்வாராய்ச்சியும் அதனையொட்டிய பாதரட்சை வேலையும் அங்கே வளர்ந்தன. பிராண்ட் 1966-இல் அமெரிக்க தேசத்துக் கார்வில் என்னும் ஊருக்குச் சென்று, தாம் வேலூரிற் கண்டதைச் சர்க்கரை வியாதிக்காரருக்கும் பயன்படுத்தினார். அவர் 2003-இல் காலமானார்.

அவர் கண்டவற்றுள் வழிநடையாளர் யாவரும் அறியத்தக்கது ஒன்றுண்டு. காலைக் கெடுப்பது முள்ளும் ஆணியும் மாத்திரமன்று. ஒரே இடத்தில் ஓயாது விழும் சிறு அழுத்தமுங் கெடுக்கும். ஓரடிக்கு 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் நடப்பவர் 40,000 அடி வைக்கின்றார். அதாவது ஒவ்வொரு காலும் 20,000 முறை நிலத்தில் மோதுகின்றது. உணர்ச்சியுள்ளவன் ஓரிடம் நோகத் தொடங்கியதுமே, தானறியாமற் சிறிது சாய்ந்தும், நடையைக் குறுக்கியும், பாரத்தை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்கின்றான். உணர்ச்சியற்றவனோ முதலடி வைத்தவாறே இருபதினாயிரமாவது அடியையும் வைக்கின்றான். ஆகவே அவ்வழுத்தத்தைப் பரப்பித் தாங்கும் வேலையை அவனுக்காகப் பாதரட்சை செய்தல் வேண்டும்.

இதன்பொருட்டு அமைந்ததே இன்று கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று வழங்குவது. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மைக்ரோசெல்லுலர் ரப்பரே அதன் உள்ளட்டை. கைவிரலால் அழுத்தினால் மெல்ல அமுங்கி, எடுத்தவுடன் மீண்டும் எழும். ஆனால் அம்மெல்லிய ரப்பரை முள் எளிதில் துளைத்துவிடுமாதலின், அதன் அடியிற் கெட்டியான ரப்பர் ஒன்றை ஒட்டுவர். நம் ஊர்களிற் செருப்புத் தைப்போர் பழைய மோட்டார் டயரை அறுத்துச் செருப்படி போடும் வழக்கத்தை இங்கே நினைவுகூர்க. மேலே மெத்தென்பது காலுக்கு. கீழே கெட்டியென்பது முள்ளுக்கு. இவ்விரண்டும் ஒருங்கே அமையாத செருப்பு, கரிசற்காட்டு வழிக்கு ஏற்றதன்று. மேலும் அது குதிகாலின் பின்னே வார் உடையதாயும், கால் வீங்கினால் தளர்த்தத் தக்கதாயும் இருக்கும். முக்கியமாக, அதில் ஆணியே இராது. பசையாலும் தையலாலுமே இணைத்திருப்பர். தேய்ந்த செருப்பில் ஆணி மேலெழுந்தால், மரத்துப்போன கால் அதனை அறியாதன்றோ?

ஆணியைப் பற்றிக் கூறுங்கால் சிவகாசி நினைவுக்கு வருகின்றது. பட்டாசு ஆலைகளில் மருந்து கையாளும் அறைக்குள் இரும்பாணி பொருத்திய செருப்போடு புகுதல் கூடாது என்று 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் தடுக்கின்றன. கல்லில் இரும்பு உராய்ந்து பிறக்கும் ஒரு பொறி போதும். சரீரத்தில் தேங்கும் நிலைமின்சாரமும் அவ்விடத்திற் பகையேயாதலால், தொழிலாளர் வாயிலிற் செருப்பைக் கழற்றி, நிலத்தோடு தொடர்புள்ள உலோகத் தகட்டைத் தொட்டு உட்செல்லும் வழக்கமும் உண்டு. வேலூரில் புண்ணுக்கஞ்சி விலக்கிய ஆணியைச் சிவகாசியில் நெருப்புக்கஞ்சி விலக்குகின்றனர். எனினும் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும்: வழிநடைக்கு நல்ல தடித்த ரப்பர்ச் செருப்பு, மருந்தறைக்கு நல்லதன்று. சாதாரண ரப்பர் மின்சாரத்தை நிலத்துக்குச் செல்லவிடாது. "இதில் ஆணி இல்லையே" என்று கூறி அதனோடு உள்ளே நுழைய முயல்வது பேதைமையாம். ஆலையின் ஒழுங்கு எதுவோ அதுவே அங்கே சட்டம். அன்றாடம் பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருப்பதாலேயே நம் தொழிலாளர் வார் குறைந்த மெல்லிய செருப்பை விரும்புகின்றனர் போலும். பின்வார் உடைய செருப்பிலும், இழுத்தொட்டும் வெல்க்ரோ வைத்தது நொடியிற் கழலும் என்பதை அவர்களுக்கு எடுத்துக்கூறலாம்.

நிற்க. தம் கால் மரத்துப்போயிருக்கின்றதா என்பதை ஒருவர் எவ்வாறு அறிவது? ஆஸ்பத்திரியில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையொன்றை உள்ளங்காலில் வைத்துப் பார்ப்பர். வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்னும் நகரத்து வைத்தியர் வகுத்தமையால் அவ்வூர்ப் பெயராலேயே அது வழங்குகின்றது. பெரியவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுக. இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறு விரல்களின் நுனியையும், உம் சுட்டுவிரலால் ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடுக. அழுத்தவோ தட்டவோ வருடவோ கூடாது. தொட்டது வலக்காலையா இடக்காலையா என்று அவர் கூறட்டும். ஆறனுள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றை அவர் உணராவிடின், கால் உணர்ச்சி குன்றியிருப்பதாகக் கொண்டு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுக. இதற்குச் செலவாவது இரண்டு நிமிஷமே. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனார் பாட்டியாருக்கு இதனைச் செய்துபார்க்கலாம். யாம் எம் மாமனுக்கு அதனைச் செய்தது விரல் போனபின்பே.

இச்சோதனையில் தவறியவர் வெறுங்காலோடு நெடுவழி நடத்தல் ஆகாது. சித்திரை வைகாசி நண்பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடேறும். அச்சூட்டில் சில விநாடி நின்றாலே தோல் வெந்துபோகும்; உணர்ச்சியுள்ளவன் துள்ளி மணலுக்கு ஓடுவான், மற்றவன் நடந்துகொண்டேயிருப்பான். "வெறுங்காலோடு வருவதாக நேர்ந்துகொண்டோமே" என்பார்க்கு விடை கூற யாம் தகுதியுடையோமல்லோம். ஆயினும் நேர்த்திக்கடனை மாற்றிச் செலுத்தும் வழக்கங்கள் நம் ஊர்களில் இல்லாமலில்லை என்பதைப் பெரியோர் அறிவர்.

இனி, உணர்ச்சி குன்றாத நம்மனோர்க்கு எவ்விதப் பாதரட்சை வேண்டும் என்று பார்ப்போம். மனிதனுடைய ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவை ஒரு வளைவாக அமைந்து, குதிகாலினின்று விரலடி வரை ஓடும் நார்ப்படலத்தால் வில்லும் நாணும்போலக் கட்டுண்டு நிற்கின்றன. அவ்வளவு தாழ்ந்த பாதத்தைத் தட்டைப்பாதம் என்பர். ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று சுவட்டைப் பார்த்தால் ஒருவாறு தெரியும். தட்டைப்பாதமென்றவுடன் விலையுயர்ந்த வளைவுத்தாங்கிப் பூட்ஸை வாங்க ஓடுவோர் சற்றுப் பொறுக்க. மங்களூரில் ராவ், ஜோசப் என்னும் இரு வைத்தியர் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளைச் சோதித்து 1992-இல் எழுதியதில், பாதரட்சை அணிந்து வளர்ந்தவருள் 100-க்கு 8.6 பேர் தட்டைப்பாதமுடையவராகவும், வெறுங்காலோடு வளர்ந்தவருள் 2.8 பேரே அவ்வாறாகவும் இருந்தனர். அவர்களுள்ளும் விரல்மூடிய பூட்ஸ் அணிந்தவரே மிகுதி, செருப்பணிந்தவர் குறைவு. ஆகவே வெறுங்காலால் விளையாடும் சிறுவனைக் கடிந்து பூட்ஸுக்குள் அடைப்பதால் பெரும்பயனில்லை. வலியில்லாத தட்டைப்பாதம் நோயன்று. அதற்குத் தாங்கி வேண்டுவதில்லை.

காலையில் எழுந்து முதலடி வைக்கும்போது குதிகாலிற் சுருக்கென்று குத்தும் வலி வேறு. நெடுநேரம் நின்று வேலை செய்வோர்க்கும், எம்போன்ற உபாத்தியாயர்க்கும் அது நன்கு அறிமுகமானது. மேலே கூறிய நார்ப்படலம் குதிகால் எலும்பிற் பொருந்துமிடத்தில் நைந்துபோவதால் வருவது அது. அதற்கு உள்ளட்டை உதவும். ஆனால் அச்செடுத்துச் செய்யும் விலைமிக்க அட்டைதான் வேண்டுமென்பதில்லை. அமெரிக்காவில் 15 ஆஸ்பத்திரிகளில் 236 நோயாளரைக் கொண்டு நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியோடு கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் சாதாரண அட்டையை அணிந்தவரே, அச்செடுத்த கெட்டி அட்டை அணிந்தவரினும் மிகுதியாகக் குணமடைந்தனர். பணமிருப்பவர்க்கும் இல்லாதவர்க்கும் இவ்விஷயத்தில் அதிக வேற்றுமையில்லை என்பது எமக்கு மகிழ்ச்சி தருவதே.

கடைக்குச் செல்வது மாலை நேரமாயிருக்கட்டும். காலையிலும் மாலையிலே பாதம் சிறிது பருத்திருக்கும். இரு காலையும் அளந்து, பெரிய காலுக்கேற்ற அளவையே கொள்ளுக. வீட்டில் ஒரு காகிதத்தில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலாற் கோடிட்டு, அக்காகிதத்தை வெட்டிக் கொண்டுபோய்ச் செருப்பினுள் வைத்துப் பார்த்தல் யாம் கைக்கொண்டுள்ள எளிய உபாயம். காகிதம் ஓரங்களில் மடங்கினால், உள்ளே காலும் மடங்குமன்றோ? மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருத்தல் வேண்டும். மிக நீண்டது பெருவிரலேயென்பதில்லை, பலருக்கு அடுத்த விரலே நீளும். பாதரட்சையைக் கையிலெடுத்து இரு முனையையும் பற்றி வளைத்துப் பார்க்க. விரலடிக்கு நேராக வளைவது நன்று. நடுவே காகிதம்போல் மடிவது வளைவைத் தாங்காது; எங்குமே வளையாதது காலை நடக்கவொட்டாது. பூட்ஸானால் குதிகாற் பக்கத்தை விரல்களால் அமுக்கிப் பார்க்க. அது கெட்டியாக நிற்க வேண்டும். பின்வாரில்லாத ஹவாய் செருப்பை வீட்டுக்கும் கிணற்றடிக்கும் வைத்துக்கொள்க. அது கழன்றுவிடாதபடி விரல்கள் ஓயாது அதனைக் கவ்விக்கொண்டேயிருக்க வேண்டியிருப்பதால், நெடுவழியிற் கால் விரைவில் ஓய்ந்துபோகும்.

கடைக்காரர் ஒருவர் எம்மிடம், "நாலு நாள் போட்டால் தானே இளகிவிடும், அண்ணாச்சி" என்றார். நல்ல மனிதர்தாம், விற்பவர் அவ்வாறு கூறாமல் வேறு எவ்வாறு கூறுவார்? கடையில் இறுக்குவதை அந்நம்பிக்கையில் வாங்கற்க. பொருந்துவதையுங்கூட வாங்கிய மறுநாளே பிரயாணத்துக்கு அணியற்க. முதல் நாள் ஒரு மணி நேரம், பின்னர்ச் சிறிது சிறிதாக மிகுத்து, இரண்டு வாரங்களேனும் பழக்குக. கழற்றியவுடன் தோலிற் சிவந்த தழும்பு இருக்கின்றதா என்று நோக்குக. சிவப்பு மறைய நெடுநேரமானால் அவ்விடத்தில் நாளை கொப்புளம் வரும் என்று அறிக.

நடப்பவர்க்கே இவையெல்லாம், பஸ்ஸில் அமர்ந்து செல்வோர்க்கு என்ன என்று கேட்கலாம். விருதுநகரினின்று சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. அத்தனை தூரமும் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தால், இரத்தமும் நீரும் கீழே தேங்கி, இறங்குமிடத்திற் செருப்பு காலிற் புகாது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பிரயாணம், கால் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயத்தை ஏறக்குறைய இருமடங்காக்குகின்றது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் அறிவித்தது. அபாயம் மிகச் சிறியதே, அஞ்சவேண்டுவதில்லை. வாரைத் தளர்த்தத் தக்க செருப்பை அணிந்து, அமர்ந்தவாறே கணுக்காலை மேலுங்கீழுமாக அடிக்கடி அசைத்து, வண்டி நிற்குமிடங்களில் இறங்கிச் சிறிது நடந்தாற் போதும். வீக்கம் ஒரு காலில் மாத்திரமிருந்து கெண்டைக்கால் வலித்தால், அது வேறு விஷயம். உடனே வைத்தியரிடம் செல்க.

எம் மாமன் அடுத்த ஆண்டும் இருக்கன்குடிக்குப் புறப்பட்டார். தடுத்தும் கேட்கவில்லை. வைத்தியரிடம் உடன்பாடு பெற்று, அவர் கூறியவாறு எம்.சி.ஆர். செருப்பை ஒரு மாதம் முன்னதாகவே வாங்கிப் பழக்கிக்கொண்டார். விரல் போன இடத்திற் செருப்பு வெறுமையாயிருந்து கால் நழுவுகின்றதென்று, எம் தெருவிற் செருப்புத் தைப்பவர் மெல்லிய ரப்பர்த் துண்டொன்றை அங்கே ஒட்டிக்கொடுத்தார். சாத்தூர் வரை பஸ். பின்னுள்ள எட்டுக் கிலோமீட்டர் அளவான வழி விடியற்காலத்தில் நடை. இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை அவரை மரத்தடியில் அமர்த்தி, செருப்பைக் கவிழ்த்து உதறி, கைக்கண்ணாடியால் உள்ளங்காலைப் பார்த்தோம். "பெண்பார்க்க வந்தவன்போல இத்தனை தடவை பார்க்கிறாயே, மருமகனே" என்று அவர் நகைத்தார். கோயில் வாயிலிற் செருப்பைக் கழற்றியபோது வெயில் ஏறவில்லை; கல்தளம் இன்னும் குளிர்ந்திருந்தது. திரும்பி வந்தபின் மீண்டும் ஒருமுறை பார்த்தோம். நெருஞ்சி முள்கள் இரண்டு செருப்பின் அடியிற் பதிந்திருந்தன, காலில் ஒன்றுமில்லை.